வாசிப்பது வேறு, கீழ்ப்படிவது வேறு

குறிகட்டுவான் என்ற பெயரில் எத்தனை எழுத்துகள்? தமிழ் படிக்கும் பிள்ளை விரல் மடித்து ஏழு என்று சொல்லிவிடும்: கு, றி, க, ட், டு, வா, ன். யுனிகோட் முறையில் எண்ணினால் 13 வரும். அது ககரத்தைத் தனியாகவும் உகரக் குறியைத் தனியாகவும் புள்ளியைத் தனியாகவும் கணக்கிடுகிறது. அதே பெயரை யுடிஎஃப்-8 கோப்பாகச் சேமித்தால் 39 பைட், ஏனென்றால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் அங்கே மூன்று பைட் வேண்டும். பைதான் மொழி தன் இயல்பான அமைப்பில் இதை ஜேசன் என்ற தரவு வடிவில் எழுதும்போது ஒவ்வொரு குறியீடும் ஆறு குறிகளாக நீண்டு மொத்தம் 78 ஆகிவிடும். நான்கு விடையும் சரிதான். எழுதிய நிரல் ஒரு கணக்கையும் வாசிக்கும் நிரல் இன்னொரு கணக்கையும் மனதில் வைத்திருந்தால்தான் கேடு. இணையத் தளங்களின் மீது நடந்த பெரிய தாக்குதல்கள் சிலவற்றின் வேர் இந்த இடைவெளியில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை தாண்டிப் புங்குடுதீவுக்கு வரும் 776 ஆம் இலக்க பஸ் குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடும். அதற்கப்பால் கடல். நயினாதீவுக்குப் போகிறவர்களும் நெடுந்தீவுக்குப் போகிறவர்களும் இங்கேதான் படகு ஏறவேண்டும். நெடுந்தீவில் ஒரு வீட்டுக்கு அலுமாரி போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே படகில் நிறுத்த முடியாது. கதவு, பலகை, ஆணி என்று கழற்றி, கட்டி, அக்கரையில் இறக்கி, மறுபடி பூட்டவேண்டும். நிரலின் நினைவகத்தில் இருக்கும் தரவும் இப்படிப்பட்டதுதான். ஒரு பயணியின் பெயர், அவர் முகவரி, அவர் பதிவு செய்த படகு எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். கம்பி வழியே அனுப்ப, அதை ஒரே வரிசை எழுத்துகளாகக் கழற்றவேண்டும். அதற்கு வரிசையாக்கம் என்று பெயர். அக்கரையில் அந்த எழுத்துகளை வாசித்து மறுபடி உருவம் கொடுப்பதை நிரலாளர்கள் பார்ஸ் செய்வது என்கிறார்கள். இனி ஒரு கேள்வி. கட்டிய பலகைகளோடு ஒரு தாளும் வருகிறது. "பூட்டும்போது வீட்டுத் திறப்பை வெளியே தொங்கவிடவும்" என்று அதில் எழுதியிருக்கிறது. தச்சர் அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிடுவார். பல நிரல்கள் எறிவதில்லை. சொன்னபடி செய்துவிடுகின்றன.

முதலில் சிறிய பிசகுகளைப் பார்ப்போம். பிஎச்பி மொழிக்குத் தனக்கென்று ஒரு வரிசையாக்க முறை உண்டு. ஒரு சொல்லை எழுதுமுன் அதன் நீளத்தை பைட் கணக்கில் அது குறித்துவிடும். நெடுந்தீவு என்றால் 30 என்று எழுதி, பிறகு பெயரை எழுதும். நயினாதீவு என்றால் 27. கண்ணுக்கு இரண்டும் ஐந்தெழுத்துப் பெயர்கள். இந்த முறையில் தரவை வைக்கும் வேர்ட்பிரஸ் தளம் ஒன்றின் தரவுத்தளத்தில் இறங்கி, நெடுந்தீவை நீக்கி நயினாதீவைத் தேடல்-மாற்றல் வழியாகப் போட்டால், நீள எண் பழையபடி 30 ஆகவே நிற்கும். வாசிக்கும் நிரல் பெயரையும் தாண்டி மூன்று பைட் விழுங்கி, மேற்கோள்குறி இருக்கவேண்டிய இடத்தில் வேறெதையோ கண்டு, முழு அமைப்பையும் வாசிக்க மறுத்துவிடும். தளம் இடம்பெயர்த்தவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு.

இங்கே நிரல் மறுத்தது, அது நல்லது. மறுக்காமல் தவறாக வாசித்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் ஜூம்லா காட்டியது. அந்தத் தளமென்பொருள், வருகிறவரின் உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் வரியை அப்படியே அமர்வுத் தரவில் சேர்த்து மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வைத்தது. மைஎஸ்கியூஎல் யுடிஎஃப்-8 என்று பெயர் வைத்திருந்த பழைய முறை ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் தாங்காது. தமிழ் அதில் அடங்கும். நான்கு பைட் கேட்கும் குறிகள் அடங்கா. அப்படி ஒரு குறி வந்ததும் அதையும் அதற்குப் பின் வந்த அனைத்தையும் தரவுத்தளம் வெட்டிவிட்டது. தாக்கியவர்கள் தங்கள் வரியின் கடைசியில் வேண்டுமென்றே அந்தக் குறியை வைத்தார்கள். வால் அறுந்த அமர்வை பிஎச்பி வாசித்தபோது, சொல்லாக இருந்திருக்கவேண்டிய பகுதியைப் பொருள்களின் விவரமாக எடுத்துக்கொண்டு, அந்தப் பொருள்களை உயிர்ப்பித்தது. அதோடு சேவையகம் அந்நியர் கைக்குப் போனது. டிசம்பர் 14 அன்று திருத்தம் வருவதற்குள் தாக்குதல் தொடங்கிவிட்டிருந்தது. 1.5 தொடங்கி 3.4.5 வரையான பதிப்புகள் எல்லாவற்றிலும் அந்த ஓட்டை இருந்தது.

யாமல் என்ற வடிவம் இன்னொரு விதமான தொல்லை. மனிதர் வாசிக்க இலகுவாக இருக்கவேண்டும் என்ற ஆசையில் பிறந்தது அது. மேற்கோள்குறி போடத் தேவையில்லை. எது எண், எது சொல் என்று அதுவே ஊகித்துக்கொள்ளும். இந்தத் தாராள மனம்தான் அதன் பிழை என்பது என் கருத்து. படகு நேர அட்டவணை ஒன்றை யாமலில் எழுதிப் பாருங்கள். காலை 07:30 என்று போட்டால் அது சொல்லாகவே நிற்கும். அடுத்த வரியில் 10:30 என்று போட்டால் யாமல் 1.1 விதிப்படி அது அறுபதின் அடுக்கில் எழுதிய எண். பத்து அறுபதும் முப்பதும் சேர்ந்து 630 ஆகிவிடும். ஒரே பட்டியலில் ஒரு படகு நேரத்திலும் அடுத்தது எண்ணிலும் புறப்படும். யாழ்ப்பாணத்தின் தொலைபேசிக் குறியீடு 021. சுழியத்தில் தொடங்குவதால் அது எட்டின் அடுக்கில் வாசிக்கப்பட்டு 17 என்று வந்து நிற்கும். கொழும்பின் 011 ஒன்பதாகிவிடும்.

தீவுகளிலிருந்து புலம்பெயர்ந்தவர்கள் வாழும் நாடுகளை ஈரெழுத்துக் குறியீடுகளால் பட்டியலிட்டால் அடுத்த வேடிக்கை. கனடா, பிரான்ஸ், சுவிஸ் எல்லாம் ஒழுங்காக வரும். நோர்வேயின் குறியீடு 'என்', 'ஓ' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். அவை சேர்ந்தால் ஆங்கிலத்தில் 'இல்லை'. யாமல் 1.1 அதைப் 'பொய்' என்ற தருக்க மதிப்பாக மாற்றிவிடும். ஒஸ்லோவில் இருக்கும் உறவினருக்கு நாடே இல்லாமல் போய்விடும். 2009 இல் வந்த யாமல் 1.2 இவற்றைத் திருத்தியது; ஆனால் பைதானில் பலரும் பயன்படுத்தும் நூலகம் இன்றும் 1.1 வழியில்தான் நடக்கிறது. மேற்கோள்குறி இடுங்கள். தொலைபேசி எண்ணும் பஸ் இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் எண்கள்போலத் தோன்றும் பெயர்கள். கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால் அவற்றைச் சொல்லாகவே வைத்திருப்பது நல்லது.

ஜேசன் இதற்கு நேர்மாறான கண்டிப்பு உடையது. டக்ளஸ் குரொக்ஃபோர்ட் முன்னெடுத்த அந்த வடிவத்தின் முழு இலக்கணமும் ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். எடுத்துக்காட்டாக:

{"துறை":"குறிகட்டுவான்","பஸ்":"776","அடுத்தவை":["நயினாதீவு","நெடுந்தீவு"]}

சொல், எண், உண்மை-பொய், வெறுமை, பட்டியல், பெயரிட்ட தொகுப்பு. இவ்வளவுதான் அதில் சொல்ல முடியும். சுழியத்தில் தொடங்கும் 021 ஐ எண்ணாக எழுதினால் பிழை என்று நிறுத்திவிடும். இவ்வளவு எளிய வடிவத்துக்கும் ஆரம்பத்தில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. அது ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் ஒரு துண்டு என்பதால், வந்த எழுத்தை நிரலாகவே ஓடவிட்டால் தரவு கையில் கிடைத்துவிடும். பலரும் அப்படியே செய்தார்கள். 2006 இல் வெளியான ஜேசனின் முறையான ஆவணத்திலேயே, எழுத்துகளை ஒரு வடிகட்டியில் சோதித்துவிட்டு ஓடவிடும் வழி எடுத்துக்காட்டாக இருந்தது. அனுப்பியவர் நல்லவராக இருக்கும்வரை அது தரவு. அவர் மனம் மாறினால், அல்லது நடுவழியில் யாராவது கைவைத்தால், அது கட்டளை. 2009 டிசம்பரில் வந்த ஜாவாஸ்கிரிப்ட் தரம்தான், வாசிக்க மட்டும் தெரிந்த, எதையும் ஓட்டத் தெரியாத பார்சரை எல்லா உலாவிக்குள்ளும் கொண்டுவந்தது.

இலங்கைக்கு இந்தக் கதையில் சொந்தப் பங்கு ஒன்று உண்டு. இணையச் சேவைகள் எக்ஸ்எம்எல் வடிவில் பேசிக்கொண்ட காலம் அது. சேவைகளை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் 1.1 ஆவணத்தை 2001 இல் எழுதியவர்களுள் ஒருவர், அப்போது ஐபிஎம்மில் இருந்த சஞ்ஜீவ வீரவரண. அவர் 2003 இல் இலங்கையில் லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். 2005 இல் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் பிறந்தது. அப்பாச்சியின் ஆக்சிஸ்2 என்ற சேவை இயந்திரத்தைக் கட்டியதில் இலங்கை நிரலாளர்களின் உழைப்பு மிகப் பெரிது. அதனுள் இருந்த ஆக்சியோம் என்ற பகுதி, வருகின்ற எக்ஸ்எம்எல்லை முழுவதுமாக வாசித்து நினைவகத்தை நிரப்பாமல், கேட்கும்போது கேட்ட அளவுக்கு மட்டும் ஆவணத்தின் மரவடிவத்தை வளர்த்தெடுத்தது. அழகான யோசனை. தலைப்புப் பகுதி மட்டும் தேவைப்படும் இடத்தில் உடற்பகுதியைத் தொடாமலே செய்தியை அடுத்த இடத்துக்கு அனுப்பிவிடலாம். உலகம் முழுவதும் வணிக மென்பொருள்கள் அதை எடுத்துக்கொண்டன. ஐபிஎம்மின் வெப்ஸ்பியரும் அவற்றில் ஒன்று.

2010 இல் அதே ஆக்சிஸ்2 இல் ஒரு பலவீனம் வெளிப்பட்டது. அதைப் புரிந்துகொள்ள எக்ஸ்எம்எல்லின் பழைய வசதி ஒன்றை அறியவேண்டும். ஆவணத்தின் தொடக்கத்தில் டிடிடி எனும் முன்னறிவிப்பு வைக்கலாம். அதில் சுருக்கப் பெயர்களை வரையறுக்கலாம்: இந்தப் பெயரைக் காணும் இடமெல்லாம் இந்த வாசகத்தை இடு. இதுவரை பரவாயில்லை. அடுத்த படி: இந்தப் பெயரைக் காணும் இடமெல்லாம் இந்தக் கோப்பின் உள்ளடக்கத்தை இடு. பதிப்பகங்கள் பெரிய நூல்களை அத்தியாயம் அத்தியாயமாகக் கோக்க வைத்திருந்த ஏற்பாடு இது. இணையத்தில் முன்பின் அறியாத ஒருவர் அனுப்பும் செய்திக்கும் அதே உரிமை கிடைத்தால், சேவையகத்தின் கடவுச்சொல் கோப்பைச் சுட்டிவிட்டு, பார்சர் அதைத் தன் கையாலேயே எடுத்துத் தரும்வரை அவர் காத்திருக்கலாம். உள்வலையமைப்பில் இருக்கும் வேறு கணினிகளிடம் சேவையகத்தையே தூது போகச் சொல்லலாம்.

கோப்பே வேண்டாம், சுருக்கப் பெயர்களை வைத்தே சேவையகத்தைக் கவிழ்க்கலாம். முதல் பெயர் மூன்று ஆங்கில எழுத்துகளுக்குச் சுருக்கம். இரண்டாவது பெயர் முதல் பெயரின் பத்து பிரதி. மூன்றாவது இரண்டாவதின் பத்து பிரதி. இப்படி ஒன்பது அடுக்கு ஏறினால் நூறு கோடிப் பிரதிகள், ஏறத்தாழ 3 ஜிகாபைட். அனுப்பிய கோப்போ ஒரு கிலோபைட்டைத் தாண்டாது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. ஆக்சிஸ்2 பேசிய சோப் நெறிமுறை, செய்தியில் டிடிடி இருக்கவே கூடாது என்று எழுதியே வைத்திருந்தது. விதி காகிதத்தில் இருந்தது; பார்சர் அதை முழுமையாகக் காக்கவில்லை. 1.5.2 பதிப்பு அந்தக் கதவை மூடியது. திறமையான, அக்கறையான நிரலாளர்கள் எழுதிய மென்பொருளில் நடந்தது இது. பின்னாட்களில் ஜாவா, பிஎச்பி, பைதான் எல்லாவற்றிலும் இதே ஓட்டை மறுபடி மறுபடி அகப்பட்டது. ஆகையால் தனிமனிதக் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட நான் உடன்படமாட்டேன். இயல்பாகவே திறந்திருக்கும்படி வடிவமைத்த கதவை ஒவ்வொருவரும் நினைவாக மூடவேண்டும் என்று எதிர்பார்த்தால், யாராவது ஒருவர் மறப்பது உறுதி. பார்சர் மூடியே பிறக்கவேண்டும்.

இன்னும் அபாயமானவை, தரவோடு சேர்த்து வகையையும் அனுப்பும் முறைகள். "இது இன்ன வகுப்பைச் சேர்ந்த பொருள், அதை உருவாக்கு" என்று வருகிற எழுத்தே கட்டளையிடும். பைதானின் பிக்கிள், ஜாவாவின் உள்ளமைந்த வரிசையாக்கம், ரூபியின் யாமல் மூன்றும் இந்த இனம். 2013 ஜனவரியில் ரூபி ஆன் ரெயில்ஸ் தளங்கள் அத்தனையும் ஒரே நாளில் ஆபத்துக்குள்ளாயின. எக்ஸ்எம்எல் வேண்டுகோளின் உள்ளே யாமலைப் பொதித்து அனுப்பினால் ரெயில்ஸ் அதையும் பிரித்து, கேட்ட பொருளை உருவாக்கிக்கொடுத்தது. அந்த மாதம் முடிவதற்குள் ரூபி நூலகங்களின் பொதுக் களஞ்சியமும் யாமல் வழியாகவே உடைக்கப்பட்டது. ஜாவாவில் 2015 ஜனவரியில் கிறிஸ் ஃபிரோஹோஃப், கேப்ரியல் லோரன்ஸ் இருவரும், சேவையகத்தில் ஏற்கெனவே கிடக்கும் சாதாரண வகுப்புகளைச் சங்கிலியாகக் கோத்தே எந்தக் கட்டளையையும் ஓட்டலாம் என்று காட்டினார்கள். தீங்கான வகுப்பு எதையும் அனுப்பவேண்டியதில்லை என்பதுதான் அதில் திகைப்பு. நவம்பர் வரை உலகம் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த மாதம் வெப்லொஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ், ஜென்கின்ஸ் ஆகியவற்றின் மீது அது வேலை செய்யும் விதம் வெளியான பிறகுதான் பதற்றம் பிடித்தது.

இத்தகைய வடிவங்களை வெளியிலிருந்து வரும் தரவுக்குப் பயன்படுத்தவே கூடாது. வடிகட்டி வைக்கிறேன், ஆபத்தான வகுப்புகளின் பெயரைப் பட்டியலிட்டு மறுக்கிறேன் என்று தொடங்கியவர்கள் புதிய சங்கிலிகளின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க நேர்ந்தது. ஜேசன் போன்ற ஊமை வடிவத்தில் வாங்கி, எந்தப் பொருளைப் படைப்பது என்பதை வாங்குகிறவரின் நிரலே தீர்மானிப்பதுதான் பாதுகாப்பு.

ஊமை வடிவமும் இருவர் இருவிதமாக வாசித்தால் பேசத் தொடங்கிவிடும். 2017 இல் கவுச்டிபி தரவுத்தளத்தில் நடந்தது அது. ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் என்ன செய்வது என்று ஜேசன் உறுதியாகச் சொல்லவில்லை. புதிய பயனர் ஒருவர் இப்படிப் பதிவு செய்கிறார் என்று கொள்வோம்:

{"பெயர்":"புதியவர்","பொறுப்பு":["நிர்வாகி"],"பொறுப்பு":[]}

சரிபார்க்கும் பகுதி ஜாவாஸ்கிரிப்டில் இருந்தது. அது கடைசியாக வந்ததை வைத்துக்கொண்டது: பொறுப்பு எதுவும் இல்லை, உள்ளே விடலாம். அனுமதி வழங்கும் பகுதி எர்லாங்கில் இருந்தது. அது முதலில் வந்ததை எடுத்தது: நிர்வாகி. யாரும் தன்னைத்தானே நிர்வாகியாக்கிக்கொள்ளலாம் என்றானது. இரண்டு பார்சரிலும் தனித்தனியே பிழை இல்லை. இதற்கு மருந்து எளிது. வாசலில் ஒருமுறை வாசித்து, இரட்டைப் பெயர் வந்தால் மறுத்து, சரிபார்த்த பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு மூல எழுத்தைத் தூக்கிப்போட்டுவிடவேண்டும். உள்ளே எவரும் மூலத்தை மறுபடி வாசிக்கக்கூடாது. வேறு பகுதிக்கு அனுப்பவேண்டுமென்றால், சரிபார்த்த பொருளிலிருந்து புதிதாக எழுதி அனுப்பவேண்டும்.

எழுதி அனுப்பும் பக்கத்தில் பிழைகள் வேறு தினுசு. "7ஆம் வட்டாரம், புங்குடுதீவு" என்ற முகவரியில் ஒரு காற்புள்ளி இருக்கிறது. காற்புள்ளியால் பிரியும் சிஎஸ்வி கோப்பில் அதை அப்படியே ஒட்டி எழுதினால், ஊர்ப்பெயர் தொலைபேசி எண்ணின் பத்திக்குள் போய் உட்காரும். அதற்குப் பின்னுள்ள பத்திகள் எல்லாம் ஒரு படி நகரும். முகவரியை மேற்கோள்குறிக்குள் வைக்கவேண்டும் என்று வடிவத்தின் விதி சொல்கிறது. நூலகத்தைக் கொண்டு எழுதினால் அது தானாகச் செய்யும். கூட்டல்குறி போட்டுச் சொற்களை ஒட்டி ஜேசனோ சிஎஸ்வியோ எழுதுவதை நான் எந்த அவசரத்திலும் பரிந்துரைக்கமாட்டேன். ஜேசனை வலைப்பக்கத்தின் ஸ்கிரிப்ட் பகுதிக்குள் பதிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். ஜேசனுக்கு முற்றிலும் சரியான ஒரு சொல்லின் நடுவே ஸ்கிரிப்டை மூடும் குறி வந்தால், உலாவி அங்கேயே பகுதியை மூடிவிட்டு மிச்சத்தைப் பக்கத்தின் பகுதியாக வாசிக்கும். கோண அடைப்பைக் குறியீடாக மாற்றி எழுதினால் அந்த வழி அடையும்.

தமிழுக்கென்றே ஒரு வாசல் வேலை மிச்சம் இருக்கிறது. கொழும்பு என்பதன் 'கொ'வை ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம். எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது, பைட் வேறு. இவை இரண்டும் ஒன்றே என்று யுனிகோட் வரையறுத்திருப்பதால், இயல்பாக்கம் என்ற படி அவற்றை ஒன்றாக்கிவிடும். ஊர்காவற்றுறை என்ற பெயருக்கு அந்த உதவி கிடைக்காது. முதலெழுத்தான ஊகாரத்தை உகரமும் ளகரமுமாக ஒருவர் தட்டியிருந்தால், அது வேறு எழுத்துகள் என்றே யுனிகோட் சொல்லும். ஸ்ரீயிலும் இதே சிக்கல்: 2005 இல் ஶகரம் தனியே வந்த பிறகு, ஒரே தோற்றத்துக்கு இரண்டு எழுத்துமுறைகள். ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தெரிவு செய்யவிடுவது இதற்கு நல்ல வழி. தட்டச்சு தவிர்க்கமுடியாத இடத்தில், முதலில் இயல்பாக்கம், பிறகு சரிபார்ப்பு என்ற ஒழுங்கு மாறக்கூடாது. மாறினால், சரிபார்ப்பு ஒரு சொல்லைப் பார்க்கும். தரவுத்தளத்துக்கு வேறு சொல் போகும்.

வாசலில் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதற்குத் தேசிய அடையாள அட்டை இலக்கம் நல்ல சான்று. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் வரும் அட்டையில் பன்னிரண்டு இலக்கம். இரண்டிலும் பிறந்த ஆண்டு முதலில் வரும்: பழையதில் இரண்டு இலக்கமாக, புதியதில் நான்காக. அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே அந்த மூன்று இலக்கம் 1 முதல் 366 வரை இருக்கலாம், 501 முதல் 866 வரை இருக்கலாம். 400 என்று ஒரு நாள் எவருக்கும் இல்லை. படகுப் பதிவுத் தளம் ஒன்று இந்த இலக்கத்தை வாங்கும்போது, நீளத்தை அளந்து, பழைய அட்டையின் கடைசி எழுத்தைத் தவிர இலக்கமல்லாத எதுவும் புகாமல் பார்த்து, இந்த மூன்றிலக்கத்தையும் சோதித்துவிட்டால், தரவுத்தளத்தைத் தொடுமுன்பே பல தட்டச்சுப் பிழைகளும் கட்டளைகளைப் புகுத்தும் முயற்சிகளும் நின்றுவிடும். மறுக்கும்போது "தவறான உள்ளீடு" என்று மொட்டையாகச் சொல்லக்கூடாது. பழைய அட்டையானால் மூன்றாவது முதல் ஐந்தாவது வரை, புதியதானால் ஐந்தாவது முதல் ஏழாவது வரை உள்ள இலக்கங்களைச் சரிபாருங்கள் என்று தமிழில் காட்டவேண்டும். படகு புறப்பட நேரமாகிறதே என்ற பதற்றத்தில் கைத்தொலைபேசியில் தட்டிக்கொண்டிருப்பவர், அப்போதுதான் அட்டையை ஒருமுறை பார்த்துத் திருத்திவிட்டுப் போவார்.